காலின் வீக்கமும் இதயத்தின் பழியும்

1873ஆம் ஆண்டில் கியோர்க் ஏபெர்ஸ் என்ற ஜெர்மானிய எகிப்தியலாளர் லக்ஸர் நகரில் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள அச்சுருள் இன்று லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கி.மு. 1550ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் அந்த மருத்துவ ஏட்டில் நம் பேச்சுக்கு வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. இதயத்திலிருந்து உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் குழாய்கள் செல்கின்றன. ஆகவே மருத்துவன் தலையைத் தொட்டாலும் கையைத் தொட்டாலும் காலைத் தொட்டாலும் அவன் தொடுவது இதயத்தையே என்பது முதற்செய்தி. பாம்புபோல் நெளிந்து புடைத்து நிற்கும் குழாய்களைக் கத்தியால் தீண்டாதே என்பது இரண்டாவது. ஒரே சுருளில் குடியிருந்தும் இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று அறியவில்லை. காலில் புடைத்த குழாய்க்கும் நெஞ்சில் துடிக்கும் உறுப்புக்கும் இடையே ஒரு பாலம் கட்ட மனிதனுக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இது வெறும் பழங்கதை அன்று. அறுபதைக் கடந்த ஒருவருக்கு மாலையானால் கணுக்கால் வீங்குகிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. இது காலின் குற்றமா, இதயத்தின் குற்றமா? காலிலுள்ள சிரைகள் பழுதுபட்டாலும் வீங்கும். இதயம் தளர்ந்தாலும் வீங்கும். சிறுநீரகமும் ஈரலும் கெட்டாலும் வீங்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே வீக்கம்தான். ஆனால் மருத்துவம் ஒன்றன்று. ஒன்றுக்கு உதவும் கட்டு மற்றொன்றுக்கு ஊறு செய்யக்கூடும். ஒன்றுக்கு உயிர் காக்கும் மாத்திரை மற்றொன்றுக்கு வீண். கரும்பலகையின் முன் நின்றே வாழ்நாளைக் கழிக்கும் ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அயலானதும் அன்று.

தொடங்குமுன் சொற்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். தமிழ் ஆசிரியனின் வழக்கமான நோய் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்வது தமனி. இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. பாடநூல் இப்படிப் பிரிக்கிறது. மக்கள் வழக்கிலோ காலில் புடைத்திருப்பது சிரையன்று, நரம்பு. 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்றே சொல்கிறார்கள். இதைப் பிழை என்று நகைப்பதற்கில்லை. யாழின் தந்தியும் நரம்பு. புறநானூற்று முதிய தாயின் தோளில் புடைத்தெழுந்ததும் நரம்பு. உடலில் கயிறுபோல் ஓடுவன எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர். இன்னொரு சொல் உண்மையிலேயே இடர் தருவது. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பதை 'இதயச் செயலிழப்பு' என்று மொழிபெயர்க்கிறார்கள். கேட்பவர் இதயம் நின்றுவிட்டது என்றே அஞ்சுவார். உண்மையில் அது நிற்கவில்லை. உடலுக்கு வேண்டிய அளவு குருதியைத் தள்ள அதனால் முடியவில்லை, அல்லது உள்ளே அழுத்தம் கூடினால்தான் முடிகிறது. ஆகவே இக்கட்டுரையில் அதை 'இதயத் தளர்வு' என்று குறிக்கிறேன்.

*

சிரைப்புடைப்பு பழங்கால மக்களுக்கு நன்கு தெரிந்த நோய். ஏதென்ஸ் அக்ரோபோலிஸின் அடிவாரத்தில் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டின் சலவைக்கல் புடைப்புச் சிற்பம் ஒன்றில், ஒரு மனிதன் தன்னினும் பெரிதான ஒரு காலைத் தழுவி நிற்கிறான். அக்காலில் ஒரு சிரை நெளிந்து தடித்து ஓடுகிறது. நோய் தீர்க்கும் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட காணிக்கை அது.

ரோமானியரில் புகழ்பெற்ற நோயாளி கயஸ் மாரியுஸ். ஏழு முறை கான்சல் பதவி வகித்த படைத்தலைவர். அவருடைய இரு கால்களிலும் சிரைகள் பருத்துப் புடைத்திருந்தன என்றும், அந்த விகாரத்தைப் பொறுக்காமல் அறுவைக்கு உடன்பட்டார் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். அக்காலத்தில் நோயாளியைக் கட்டிப்போட்டே அறுப்பார்கள். மாரியுஸ் கட்ட விடவில்லை. ஒரு காலை நீட்டி, முகம் சுளிக்காமல், ஒலி எழுப்பாமல் தாங்கினார். மருத்துவன் மறுகாலுக்குத் திரும்பியபோது, கிடைக்கும் குணம் படும் வலிக்கு ஈடாகாது என்று சொல்லி மறுத்துவிட்டார். புளூட்டார்க்குக்கு இது வீரத்தின் கதை. எனக்கோ இது அறிவின் எல்லையைக் காட்டும் கதையாகவே தோன்றுகிறது. சிரைப்புடைப்பு என்பது காலின் அழகைக் கெடுக்கும் ஒன்று, அறுத்து எறிந்தால் தீர்ந்தது என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் உண்டு. கிரேக்க மருத்துவர் கேலன் இரண்டாம் நூற்றாண்டில் வகுத்த உடலியலின்படி, குருதி ஈரலில் உண்டாகிறது. சிரைகள் வழியே வெளிநோக்கிச் சென்று உறுப்புகளுக்கு உணவாகித் தீர்ந்துபோகிறது, வாய்க்கால் நீர் வயலில் வற்றுவது போல. திரும்பி வருதல் என்ற பேச்சே இல்லை. இந்த வரைபடத்தில் கால் என்பது கடைமடை. கடைமடையில் சேறு தங்குவது இயல்புதானே! தடித்துக் கறுத்த குருதி காலில் இறங்கித் தேங்கியது என்று சொன்னால் போதும். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அது போதுமானதாகவே இருந்தது.

*

இத்தாலியின் பதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரீசியஸ், 1574இல் சிரைகளின் உட்சுவரில் சிறு மடிப்புகளைக் கண்டார். 1603இல் அவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். லத்தீனில் அவர் அவற்றுக்கு இட்ட பெயருக்குச் 'சிறு கதவுகள்' என்று பொருள். இன்று வால்வு என்கிறோம். எனக்குக் கதவு என்பதே பிடித்திருக்கிறது. நூலில் உள்ள படங்கள் துல்லியமானவை. கதவுகள் இருக்கும் இடம் சரி, வடிவம் சரி. ஆனால் கதவு எதற்கு என்ற கேள்விக்கு வந்தபோது கேலனின் வாய்க்கால் அவரை விடவில்லை. ஈரலிலிருந்து இறங்கும் குருதி முழுவதும் கைகால்களுக்கு ஓடி அங்கே குளம்போல் தேங்கிவிடாதபடி, இந்தக் கதவுகள் அதன் வேகத்தைத் தணிக்கின்றன என்றார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு வியப்பு எனக்கு எழும். அவர் முற்றிலும் தவறவில்லை. கதவுகள் இல்லாவிட்டால் கால் வீங்கும் என்பது சரியான முடிவு. பிழை திசையில் மட்டும்தான். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகும், குருதி எந்தப் பக்கம் போகிறது என்பதில் அவருக்கு ஐயம் தோன்றவில்லை.

ஐயம் அவருடைய மாணவருக்குத் தோன்றியது. 1602இல் பதுவாவில் பட்டம் பெற்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, 1628இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் அச்சிட்ட சிறு நூலில் குருதி சுற்றி வருகிறது என்று நிறுவினார். இந்த எண்ணம் எப்படித் தோன்றியது என்று பிற்காலத்தில் ராபர்ட் பாயில் கேட்டபோது, சிரைக் கதவுகளின் அமைப்பைக் கண்டதே தூண்டுதல் என்று ஹார்வி சொன்னதாகப் பாயில் பதிவு செய்திருக்கிறார். அவர் காட்டிய சோதனையை எவரும் செய்து பார்க்கலாம். மேற்கையை மிதமாகக் கட்டினால் முன்கையில் சிரைகள் புடைக்கும். ஆங்காங்கே முடிச்சுகள் தெரியும். அவையே கதவுகள். ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் சிரையிலுள்ள குருதியை மேல்நோக்கி வழித்துவிட்டால் இடைப்பகுதி வெறுமையாகும். மேலிருந்து கீழே குருதியைத் தள்ளிப் பாருங்கள். கதவைத் தாண்டி வராது. ஹார்வியின் நூலில் உள்ள புகழ்பெற்ற கைப்படங்கள் தம் ஆசிரியர் நூலின் படத்தை ஒட்டி வரைந்தவை. அதே கை, அதே கதவு. விரல் மட்டும் புதிது.

குருதி காலில் முடிவதில்லை, காலிலிருந்து திரும்புகிறது என்றான பிறகு கடைமடை என்ற உவமை செத்தது. திரும்பும் வழியில் எங்கே தடை ஏற்பட்டாலும், தடைக்குப் பின்னே தேங்கும். வழி காலிலேயே பழுதாகலாம். வழி சென்று சேரும் இதயத்திலும் பழுதாகலாம். பாலத்தின் இரு கரைகளும் அன்றே தென்பட்டன என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஹார்வி தம் நூலில் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

போனவர் ரிச்சர்ட் லோயர். ஆக்ஸ்ஃபோர்டில் நாய்க்கு நாய் குருதி செலுத்திப் பார்த்தவர். 1669இல் வெளியான இதயம் பற்றிய நூலில் அவர் விவரிக்கும் ஒரு சோதனை, இந்த வரலாற்றின் நடுப்பக்கம் என்பேன். நாயின் மார்பைத் திறந்து, உடலின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையைக் கட்டினார். சில மணி நேரத்தில் நாய் மடிந்தது. வயிறு நீரால் நிறைந்திருந்தது. மற்றொரு நாயின் கழுத்துச் சிரைகளைக் கட்டினார். கட்டுக்கு மேலே முகம் முழுவதும் ஊதிப்போயிற்று. அறுத்துப் பார்த்தபோது அங்கே தேங்கியிருந்தது குருதியன்று, தெளிந்த நீர். மகோதரம், சோபை என்று நம் வைத்திய மரபும், வேறு பெயர்களால் ஐரோப்பிய மரபும் அழைத்து வந்த நீர்வீக்கத்தை ஒரு மனிதர் தம் கையாலேயே உண்டாக்கிக் காட்டினார். திரும்பும் வழியை அடைத்தால் நீர் கசியும். அவ்வளவுதான். அந்த விலங்குகளின் துன்பத்தை எண்ணினால் மனம் கூசுகிறது. ஆயினும் இந்தச் செய்தி அங்கிருந்துதான் வந்தது.

*

உண்மை தெரிந்துவிட்டால் மருத்துவம் மாறிவிடும் என்று எண்ணுகிறோம். லோயருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். ஆங்கில அகராதியை 1755இல் தொகுத்து வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், தம் கடைசி ஆண்டில் மூச்சிரைப்பாலும் நீர்வீக்கத்தாலும் அவதிப்பட்டார். 1784 பிப்ரவரியில் ஒரு நாள் ஏராளமாகச் சிறுநீர் பிரிந்து வீக்கம் வடிந்தது. அதைத் தெய்வச் செயல் என்றே நம்பினார். வீக்கம் மீண்டது. நீரை வடிக்கக் காலில் கீறுவது அன்றைய மருத்துவம். அறுவை மருத்துவர் ஆழமாகக் கீறத் தயங்கினார். டிசம்பர் 13ஆம் நாள், பணியாளரிடம் கத்தியைக் கேட்டு வாங்கித் தம் கால்களைத் தாமே கீறினார் ஜான்சன். கத்தரிக்கோலையும் கெண்டைக்காலில் செலுத்தினார். நீருக்குப் பதில் குருதியே மிகுதியாக வந்தது. அன்று மாலை இறந்தார். உடலைத் திறந்து பார்த்தவர்கள் இதயம் பெருத்திருந்ததைக் குறித்துவைத்தார்கள்.

சொற்களின் வேரைத் தேடித் தேடி எழுதிய ஒருவர் தம் நோயின் வேரைக் காலில் தேடினார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலில்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

மறு ஆண்டே, 1785இல், பர்மிங்ஹாம் மருத்துவர் வில்லியம் விதரிங் ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி நீர்வீக்கத்துக்குக் கொடுத்துவந்த இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த கைமருந்தில், வேலை செய்வது அந்த ஒரு செடியே என்று அவர் பிரித்தறிந்தார். தாம் மருத்துவம் பார்த்த 163 பேரின் விவரங்களை, பலித்ததையும் பலிக்காததையும் மறைக்காமல் எழுதினார். இதயத்தின் இயக்கத்தின்மேல் அச்செடிக்கு ஆற்றல் உண்டு என்பதைக் கவனித்தும், நீரைப் பிரிக்கும் மருந்தாகவே அதை அதிகம் கருதினார். டிஜிட்டாலிஸ் சிலருக்கு மட்டும் ஏன் கேட்கிறது என்பதற்கு விடை பிறகு வந்தது. 1827இல் ரிச்சர்ட் பிரைட் சிறுநீரகத்தால் வரும் வீக்கத்தைத் தனியே பிரித்துக் காட்டினார். 1832இல் ஜேம்ஸ் ஹோப், இதயத்தின் ஓர் அறை தன் குருதியை முழுதும் வெளியேற்ற இயலாதபோது அதற்குப் பின்னுள்ள வழியெல்லாம் குருதி தேங்கும் என்று விளக்கினார். அணையின் மதகு திறக்காவிட்டால் நீர்மட்டம் ஆற்றில் பின்னோக்கி ஏறுவது போல. 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங், நுண்குழாய்ச் சுவரில் நீரை வெளித்தள்ளும் அழுத்தமும் அதை உள்ளிழுக்கும் குருதிப் புரதத்தின் ஈர்ப்பும் எப்படி எதிரெதிராக நிற்கின்றன என்று காட்டியதோடு, லோயரின் நாய்க்கு நேர்ந்தது ஏன் என்பது முழுமையாக விளங்கிற்று.

*

ஆனால் இதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் காலும் இதயமும் மீண்டும் பிரிந்தன. இம்முறை அறியாமையால் அன்று, துறைப் பிரிவால். இதயம் மருந்து தரும் மருத்துவரிடம் போயிற்று. கால் கத்தி பிடிப்பவரிடம் போயிற்று. சிரைப்புடைப்புக்கு ஹார்வியின் பாடத்தை நேராகப் பொருத்தியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலென்பெர்க். கதவுகள் கெட்டுவிட்டால், நிற்கும் மனிதனின் காலில் இதயம்வரை உயர்ந்த ஒரு குருதித் தூண் தன் முழு எடையோடு அழுத்துகிறது. ஆகவே தொடையில் அந்தச் சிரையைக் கட்டிவிட்டால் போதும் என்று 1890களின் தொடக்கத்தில் எழுதினார். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால், கெண்டைக்காலின் தசை பிழிந்து பிழிந்து குருதியை மேலேற்றும். கதவுகள் நன்றாக இருந்தால் அழுத்தம் மூன்றில் ஒன்றாகக் குறையும். கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்பது இதனால்தான். கதவு கெட்டவருக்கு நடந்தாலும் அழுத்தம் இறங்காது. நாளடைவில் தோல் கறுத்துத் தடித்து, ஆறாப் புண்ணாகும்.

டிரெண்டலென்பெர்க்கின் வாழ்க்கையே இந்தக் கட்டுரைக்கு ஒரு சான்று. காலில் தொடங்கிய அவர் நெஞ்சில் போய் முடிந்தார். காலின் சிரையில் உறைந்த குருதிக்கட்டி கழன்று, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைக்கும் என்று ருடால்ஃப் ஃபிர்கோ ஏற்கெனவே காட்டியிருந்தார். அந்தக் கட்டியை மார்பைத் திறந்து எடுக்க 1908இல் டிரெண்டலென்பெர்க் முயன்றார். அவர் கையில் எவரும் பிழைக்கவில்லை. 1924இல் அவருடைய மாணவர் மார்ட்டின் கிர்ஷ்னர் அதைச் செய்து முதன்முறையாக ஓர் உயிரைக் காத்தார். அதே ஆண்டின் இறுதியில் ஆசிரியர் காலமானார்.

சரி, வீங்கிய கால் ஒன்று முன்னே வந்தால், குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விடை காலில் இல்லை, கழுத்தில் இருந்தது. இங்கிலாந்தின் பர்ன்லி என்ற ஆலை நகரில் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி, கழுத்துச் சிரையின் துடிப்பைக் கருவியால் பதிந்து 1902இல் நூலாக்கினார். 1930இல் தாமஸ் லூயிஸ், கருவி எதுவும் வேண்டாம், கழுத்துச் சிரை எவ்வளவு உயரம்வரை நிறைந்து நிற்கிறது என்று கண்ணால் பார்த்தே இதயத்தின் வலப்பக்க அழுத்தத்தை அறியலாம் என்று கற்பித்தார். கால் சிரை மட்டும் கெட்டவருக்குக் கழுத்து அமைதியாக இருக்கும். இதயம் தளர்ந்து அதனால் கால் வீங்கியவருக்குக் கழுத்துச் சிரை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். ஒரு சிரை சொல்லும் வழக்குக்கு மற்றொரு சிரை சாட்சி. இன்று எதிரொலிப் படமும் குருதிச் சோதனையும் வந்துவிட்டன. கழுத்தைப் பார்க்க ஒரு மருத்துவருக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம்தான் கூட்டம் நிறைந்த மருத்துவமனைகளில் கிடைப்பதில்லை.

கிடைக்காதபோது நடப்பது என்ன? சிரைப் பழுதால் வீங்கிய காலுக்கு ஆண்டுக்கணக்கில் நீர்பிரி மாத்திரை தரப்படுகிறது. நீர் போகிறது, உப்பு போகிறது, வீக்கம் போவதில்லை. இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் போன்ற மாத்திரையால் கணுக்கால் வீங்க, அந்த வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேர்வதும் உண்டு. இதன் மறுபுறம் இன்னும் கடுமையானது. அமெரிக்காவின் டொலீடோ நகரில் பொறியாளராக இருந்த கான்ராட் யோப்ஸ்ட், சிரை நோயால் வருந்தியவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் இதமாக இருப்பதை உணர்ந்து, ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடுவதுதான் காரணம் என்று கண்டு, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் அமைந்த காலுறையை உருவாக்கினார். சிரை நோய்க்கு இன்றும் அதுவே முதல் துணை. அதே காலுறையை, தளர்வு முற்றி மூச்சுத் திணறும் இதய நோயாளிக்கு மாட்டினால், காலில் தேங்கிய நீர் குழாய்க்குள் புகுந்து, ஏற்கெனவே சுமக்க முடியாத இதயத்தின் மேல் போய் விழும். அதனால்தான் அந்நிலையில் இறுக்கக் கட்டு கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இதயம் நிலைப்பட்ட பின் கவனத்தோடு கட்டலாம்.

பிரிந்த இரண்டும் மீண்டும் ஒரு தாளில் சேர்ந்தது அண்மையில்தான். ஜெர்மனியின் மைன்ஸ், அச்சுக்கலையின் தந்தை குட்டன்பெர்க் பிறந்த ஊர். அவர் பெயராலேயே அங்கு ஒரு பெரும் உடல்நல ஆய்வு நடக்கிறது. அதில் 40 முதல் 80 வயதுவரையுள்ள 12,000க்கும் மேற்பட்டோரின் கால்களைப் பார்த்து எழுதிய கட்டுரை 2021இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வந்தது. கால் நோய்க்கு இதய இதழில் இடம்! பத்தில் ஏறத்தாழ நால்வருக்கு நாள்பட்ட சிரைப் பழுது இருந்தது. வயது, பால், உடனிருந்த நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், அவர்களிடையே இறப்பின் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுந்திருந்தது.

இதிலிருந்து கால் சிரை கெட்டால் இதயம் கெடும் என்று எழுதிவிடுவது எளிது. நம் நாளிதழ்களின் உடல்நலப் பக்கங்கள் அப்படித்தான் எழுதும். நான் அவ்வளவு விரையமாட்டேன். முதுமை, உடற்பருமன், புகை, அசையாமல் கிடப்பது ஆகியவை இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். தளர்ந்த இதயம் காலில் அழுத்தத்தைக் கூட்டி, அங்குள்ள கதவுகளை நாளடைவில் கெடுக்கவும் கூடும். இவை தவிர இன்னொரு சிக்கலும் உண்டு. 1994 முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரை நோய்ப் படிநிலையில் 'வீக்கம்' என்பதும் ஒரு படி. ஆய்வில் சிரைப் பழுது என்று எண்ணப்பட்டோரில் இந்தப் படியினரும் சேர்கிறார்கள். அவர்களில் சிலருடைய வீக்கம் சிரையால் வந்ததன்றி, இன்னும் கண்டறியப்படாத இதயத் தளர்வின் முதல் அடையாளமாக இருக்கலாம். அவர்களுடைய கழுத்தையும் யாரேனும் பார்த்துக் குறித்திருந்தால், எண்கள் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கும்.